நோயை எண்ணக் கற்பித்த பெரியார்: சேர் றொனால்ட் றொஸ்

கல்லூரித் தாயின் யூபிலி மலருக்குப் பெரியார் ஒருவரின் சரிதையை எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, யாரைப்பற்றி எழுதுவது என்று நாம் நெடிது ஆராய வேண்டியிருக்கவில்லை. நாம் தமிழ் கற்பிக்கும் பாடசாலை, கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கையிற் சென்று கலக்கும் சிற்றாறொன்றின் கரைமேல், இறப்பர்த் தோட்டமொன்றின் நடுவே உள்ளது. மழைக்காலத்திலே கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு பாயும் அவ்வாறு, மழை பொய்த்த மாதங்களிலே பாறைக்குப் பாறை குட்டையாகத் தேங்கி நிற்கும். வெயில் படும் அத்தெளிந்த குட்டைகளைக் காணுந்தோறும் நம் நெஞ்சில் இரண்டு நினைவுகள் எழுவதுண்டு. ஒன்று, 1934ஆம் ஆண்டின் இறுதியில் இம்மாவட்டத்தைச் சுடுகாடாக்கிய மலேரியாக் காய்ச்சல். மற்றொன்று, அக்காய்ச்சலின் மருமத்தை அவிழ்த்து, அதனை எண்ணியும் அளந்தும் வெல்லும் வழியை உலகுக்குக் கற்பித்த சேர் றொனால்ட் றொஸ் என்னும் பெருமகன். அன்னாரின் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கி ஈண்டுத் தருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இமயமலைச் சாரலிலுள்ள அல்மோறா என்னும் ஊரிலே, 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் றொஸ் பிறந்தார். மீரத்து நகரிலே சிப்பாய்களின் கிளர்ச்சி தொடங்கி அப்பொழுது மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் ஆங்கிலேயரின் இந்தியச் சேனையில் அதிகாரியாக விளங்கியவர். பிள்ளைகள் பதின்மருள் மூத்தவர் நம் றொஸ். எட்டு வயதிலே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, உறவினர் இல்லத்தில் வளர்ந்தார்.

இளமையில் அவருக்கு மருத்துவத்தில் நாட்டமே இருந்ததில்லை. ஓவியமும் கவிதையும் இசையும் கணிதமுமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆயினும் தந்தையார் சொல்லைத் தட்டமாட்டாது 1874இல் இலண்டன் பர்த்தலோமியு மருத்துவசாலையிற் சேர்ந்தார். மனம் பற்றாத கல்வி எவ்வாறு கைகூடும்? தேர்வுகளுள் ஒன்றில் தவறிக் கப்பல் வைத்தியராகச் சில காலம் கடலில் அலைந்தார். பின்னர் 1881இல் இந்திய மருத்துவச் சேவையிற் புகுந்து சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். பதவிக் கடமைகள் குறைவாகவும் ஓய்வு நிறைவாகவும் இருந்தமையின், நாவலும் கவிதையும் எழுதியும், கணித நூல்களைத் தாமே பயின்றும் பொழுதைக் கழித்தார். அந்நாளிலே அவரைக் கண்டோர், இவர் உலகம் போற்றும் மருத்துவ அறிஞராவார் எனக் கனவிலும் கருதியிரார்.

பெங்களூரிலே 1883இல் நடந்த சிறு நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. பிறர் வீடுகளினும் தம் வீட்டில் நுளம்புத் தொல்லை மிகுந்திருப்பதைக் கண்ட றொஸ், அதன் காரணத்தைத் தேடினார். சாளரத்தின் வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியிலே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், நுளம்புகள் குறைந்தன. படையினரின் உணவுச்சாலையிலும் அவ்வாறு செய்யலாமே என அதிகாரி ஒருவருக்கு எடுத்துரைத்தார். அவரோ, நுளம்பும் இயற்கையின் படைப்பாதலால் அதிற் கைவைத்தல் தகாதென மறுத்துவிட்டார். நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை அக்காலத்தில் றொஸும் அறியார். ஆயினும், ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிடுதலும், காரணத்தை நீக்கி விளைவை நோக்குதலும் அன்றே அவரிடம் அரும்பிவிட்டன எனலாம்.

முறையான பயிற்சி

இவ்வாறு ஏழாண்டுகள் கழிந்த பின்னரே தம் தொழிலில் தமக்குள்ள குறையை றொஸ் உணர்ந்தார். 1888இல் விடுமுறை பெற்று இலண்டன் சென்று, பொதுச் சுகாதாரத்திலே தகுதிச் சான்றிதழ் பெற்றார். கிளைன் என்னும் பேராசிரியரிடம் நுண்ணுயிரியல் பயின்றார். முப்பது வயதைக் கடந்த பின் மாணவராக மீண்டும் வாங்கில் அமர்வதற்கு அவர் நாணவில்லை. தொழில் புரிவோர் இடையிலே நின்று திரும்பவும் கற்றல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே தக்க சான்று. பயிற்சிக் கலாசாலைக்குச் சென்று வந்த ஆசிரியராகிய நாம் இதனைச் சற்றுப் பெருமிதத்தோடு குறிப்பிடுகின்றோம்.

மீண்டும் 1894இல் இலண்டன் சென்றபொழுது, பற்றிக் மான்சன் என்னும் பெரியாரை அவர் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு நுளம்பின் உடலில் வளர்வதைச் சீன தேசத்திலே கண்டறிந்தவர் மான்சன். மலேரியா நோயாளரின் குருதியில் ஒட்டுண்ணி உண்டு என்பதை 1880இல் லவறான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டிருந்தார். அவ்வொட்டுண்ணியை நுணுக்குக்காட்டியிலே றொஸுக்குக் காட்டிய மான்சன், இதனையும் நுளம்பே காவுதல் கூடும் என்னும் தம் ஊகத்தையும் எடுத்துரைத்தார். அன்று தொடங்கியது றொஸின் தவம்.

செக்கந்தராபாத்துச் சாதனை

1895இல் இந்தியா திரும்பிய றொஸ், ஐதராபாத்தை அடுத்த செக்கந்தராபாத்திலே பணியேற்றார். உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கும் ஒவ்வொரு நுளம்புக்கும் ஓரணா வீதம் கூலி கொடுத்து, அந்நுளம்புகளை அறுத்து ஆராய்ந்தார். நுளம்பு செத்து வீழ்ந்த நீரைப் பருகுவதாலே நோய் வரும் என மான்சன் கருதியிருந்தார். அதனையும் றொஸ் சோதித்துப் பார்த்து, அக்கருத்து நிலைபெறாமையைக் கண்டார். ஆசிரியர் கூற்றேயாயினும் சோதனையில் தேறாததை அவர் கொள்ளவில்லை.

ஈராண்டுகள் வீணே கழிந்தன. அவர் ஆராய்ந்த நுளம்பினங்கள் மலேரியாவைக் காவாதவை. 1897இல் உதகமண்டலத்தை அடுத்த சீகூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆராயச் சென்றவர், வலைக்குள் உறங்கியும் அந்நோய்க்கே இரையாகித் தேறினார். காற்று நுளம்புகளை அலைத்துவிடும் என்று கருதிக் கோடை வெம்மையிலும் விசிறியை நிறுத்திவிட்டு உழைத்தார். வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலே, சிறகிற் புள்ளியுடைய வேறோர் இன நுளம்புகள் சில அவருக்குக் கிடைத்தன. 16ஆம் நாள் அவை நோயாளியின் குருதியை உண்டன. நாள்தோறும் சிலவற்றை அறுத்து நோக்கினார். 20ஆம் நாள் எஞ்சியிருந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்றின் வயிற்றுச் சுவரிலே முன்னொருபோதும் காணாத கருநிறப் பொட்டுக்களை உடைய உருண்டைக் கலங்களைக் கண்டார். மற்றதை மறுநாள் அறுத்தார். அதிலும் அவை இருந்தன. முதல் நாளினும் பருத்திருந்தன. வளர்கின்ற பொருள் உயிருள்ள பொருளன்றோ? காலத்தைக் குறித்துவைத்து நோக்கியமையாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. ஆகஸ்டு 20ஆம் நாளை உலக நுளம்பு நாளென இன்றும் கொண்டாடுகின்றனர்.

கல்கத்தாவில் எண்ணிய எண்

கனி கைக்கெட்டும் வேளையிலே மேலிடத்தார் றொஸை மலேரியா அரிதான இராசபுதனத்துக்கு இடம் மாற்றினர். நெடுமுயற்சியின் பின் 1898இல் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கு இடமளிக்கப்பட்டது. பிளேக்கு நோய்ப் பீதி நிலவிய காலமாதலால், ஊசி என்றாலே மக்கள் அஞ்சி ஓடினர். எனவே பறவைகளின் மலேரியாவை ஆராயத் துணிந்தார். முகம்மது பக்சு என்னும் உதவியாளர் பறவைகளையும் நுளம்புகளையும் பேணி உடனுழைத்தார்.

அங்கு அவர் செய்த சோதனை, நோயாராய்ச்சி பயில்வோர் யாவரும் நெஞ்சிற் பதிக்கத்தக்கது. மூன்று சிட்டுக்குருவிகளை எடுத்தார். ஒன்றின் குருதியில் ஒட்டுண்ணிகள் மிகப் பல, மற்றொன்றில் நடுத்தரமான அளவு, மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் கடித்த நுளம்புகளிற் பத்துப் பத்து எடுத்து, அவற்றின் வயிற்றிற் கண்ட கலங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். முதலாவது குருவியின் நுளம்புகளில் 1,009. இரண்டாவதன் நுளம்புகளில் 292. மூன்றாவதன் நுளம்புகளில் ஒன்றுமே இல்லை. நோய் மிக்க இடத்தில் மிக்கும், குறைந்த இடத்தில் குறைந்தும், இல்லாத இடத்தில் இல்லாதும் அமைந்த அவ்வெண்களுக்கு மேலான சாட்சி வேறென்ன வேண்டும்? நோயற்ற குருவியை ஒப்புநோக்க வைத்துக்கொண்டதே இச்சோதனையின் உயிர். அவ்வாண்டு ஜூலை மாதத்திலே ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், நுளம்பின் கடியாலேயே நலமுள்ள குருவிகள் நோயுறுவதையும் நிறுவினார்.

மனிதரின் மலேரியாவை அனோபிலிசு இன நுளம்பே காவுகின்றது என்பதை அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் துணைவரும் முழுமையாக நிறுவினர். முதன்மை யாருக்கென்னும் பூசல் மூண்டது. 1902இல் நொபெல் பரிசு றொஸுக்கே வழங்கப்பட்டபோதும் அப்பூசல் தணியவில்லை. றொஸ் சினமும் தன்முனைப்பும் உடையவர். கிராசியின் பங்கினை மனமுவந்து அவர் ஏற்றதில்லை. நிலவிலும் மறு உண்டு. அதனை மறைத்துப் பெரியார் சரிதை எழுதுதல் மாணவர்க்கு நன்மை பயவாது. உடனுழைத்த உசேன் கானையும் முகம்மது பக்சையும் இன்று நினைப்பார் அரியர் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் நம் கடன்.

நோய்க்கணக்கின் தந்தை

றொஸின் பெருமை நுளம்பின் வயிற்றோடு முடிந்துவிடவில்லை. 1899இல் இந்தியச் சேவையிலிருந்து விலகி, லிவர்ப்பூல் நகரில் அப்பொழுது புதிதாக எழுந்த வெப்பமண்டல மருத்துவக் கலாசாலையிலே ஆசிரியரானார். 1907இல் மொரிசியசுத் தீவின் அரசினர் அழைக்க, அங்குச் சென்று மலேரியாவின் நிலையை ஆராய்ந்தார். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென இந்தியர் சென்று குடியேறிய நாடு அது. தமிழரும் அவருள் இருந்தனர். ஆயிரக்கணக்கான சிறுவரின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு அது வீங்கியுள்ளது எனக் கணக்கெடுப்பித்தார். மலேரியா அடிக்கடி தாக்குமிடத்திலே சிறுவரின் மண்ணீரல் வீங்கியிருக்கும். ஆதலின், மண்ணீரல் வீதமே ஓர் ஊரின் நோய்நிலையை அறியும் அளவுகோலாயிற்று.

இளமையில் தாமே பயின்ற கணிதம் இப்பொழுது அவருக்குக் கைகொடுத்தது. நுளம்புகள் அனைத்தையும் அழித்தல் ஆகாத செயல். ஆகவே மலேரியாவை ஒழித்தலும் ஆகாது எனப் பலர் வாதித்தனர். றொஸ் கணக்கிட்டு மறுத்தார். அவர்தம் கருத்தை நம் வகுப்புக் கணக்கொன்றால் விளக்குவோம். நோயாளி ஒருவரிடமிருந்து இருவருக்கு நோய் பரவுமாயின், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாம் சுற்றிலே 1,024 ஆகும். நுளம்புகள் குறைந்து, நோயாளர் இருவரிடமிருந்து ஒருவருக்கே பரவும் நிலை எய்துமாயின், 1,024 பேர் 512 ஆகி, 256 ஆகி, பத்தாம் சுற்றிலே ஒருவரே எஞ்சுவர். கடைசி நுளம்பு வரை கொல்ல வேண்டுவதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாற் போதும், நோய் தானே தேயும். 1910இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலிலும், அதன் பின் எழுதிய கட்டுரைகளிலும் இவ்வுண்மையைச் சமன்பாடுகளாக அமைத்தார். தொற்றுநோயைக் கணிதத்தால் ஆராயும் துறை அவரிடமே வேர்கொண்டது. இன்று எத்தொற்று எழுந்தாலும், ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவும் என்றே அறிஞர் முதலில் வினவுகின்றனர். அவ்வினா அவர் விட்டுச்சென்ற செல்வம்.

அவர் காட்டிய நெறியிலே மல்கம் வாற்சன் என்னும் வைத்தியர் 1901 முதல் மலாயாவிலே வடிகால் வெட்டியும் நீர்நிலை திருத்தியும், தமிழ்த் தொழிலாளர் மடிந்துகொண்டிருந்த தோட்டங்களை வாழுமிடங்களாக்கினார். 1926இல் றொஸின் பெயராலே இலண்டனில் ஆராய்ச்சி நிறுவனமொன்று எழுந்தது. வைத்தியர் மட்டுமன்றித் தோட்டத் துரைமாரும் நோய்த்தடுப்பில் அங்குப் பயிற்சி பெறலாயினர். 1911இல் சேர் பட்டம் பெற்ற றொஸ், மூத்த மகனை 1914இல் முதல் உலகப் போரிற் பறிகொடுத்த துயரையும் சுமந்து, 1932 செப்டெம்பர் 16ஆம் நாள் இலண்டனிற் காலமானார்.

கேகாலை பெற்ற பாடம்

அன்னார் மறைந்து ஈராண்டும் சில திங்களும் கழியுமுன்னரே நம் மாகாணத்தில் அப்பெருந்துயர் நிகழ்ந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. வெயில் படும் தெளிநீர்க் குட்டையே அனோபிலிசு கூலிசிபேசீசு என்னும் நுளம்பின் தொட்டில். லிவர்ப்பூலிலிருந்து இலங்கைக்கு வந்து பணியாற்றிய கார்ட்டர் என்னும் அறிஞர், அதுவே இந்நாட்டில் நோய்காவி என்பதை 1920களிலேயே அறிவித்திருந்தார். அக்டோபரில் எழுந்த காய்ச்சல், ஆண்டு முடிவிலே காட்டுத்தீயாயிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகுதியும் பாதிக்கப்பட்டன. சில மாதங்களுள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர் விலை வீழ்ந்து, மக்கள் அரைவயிற்றுக்கும் வழியின்றி இருந்த காலம் அது. பசித்த உடல் காய்ச்சலைத் தாங்குமோ? சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த கலாநிதி என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோர் கிராமந்தோறும் சென்று மருந்தும் உணவும் வழங்கிய தொண்டினை முதியோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

ஈண்டு ஆராயத்தக்கது ஒன்றுண்டு. மலேரியா என்றும் உறையும் வறண்ட வலயத்தை விட்டு, மழை மிக்க கேகாலையை அது அழித்தது ஏன்? ஆண்டுதோறும் ஆறு பெருகி ஓடியமையின், இங்கே நுளம்புக் குடம்பிகள் அடித்துச் செல்லப்பட்டன, நோய் குறைவாயிருந்தது, சிறுவரின் மண்ணீரல் வீதமும் தாழ்ந்தே நின்றது. அவ்வெண்ணைக் கண்டோர் இந்நாடு பாதுகாப்பானது எனக் கருதுதல் இயல்பு. அதன் மறுபுறமோ வேறு. நோயே படாத உடலுக்கு அந்நோயை எதிர்க்கும் வலியும் இராது. ஆறு வற்றியவுடன் எதிர்ப்பற்ற மக்கட் கூட்டத்தை நோய் ஒருங்கே வாரிக்கொண்டது. கில், பிரையர்கிளிவ் ஆகியோரின் 1935ஆம் ஆண்டு அறிக்கைகள் மழை, ஆறு, மக்கள் நிலை ஆகியவற்றை ஒருங்கு வைத்து இக்கொள்ளைநோயை ஆராய்ந்தன. எண் தானாகப் பேசமாட்டாது; அதனைப் படிக்கப் பயின்றோர் வேண்டும்.

எண்ணுதலை நெகிழவிட்டால் விளைவது யாது என்பதற்கும் நம் நாடே சான்று. டீ.டீ.ரீ. மருந்தின் துணையால் 1963இல் நாடெங்கும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி எய்தினோம் என்று மருந்து தெளித்தலை நிறுத்தினர்; இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இலோ நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைக் கடந்தது. பின்னர்ப் பல்லாண்டுகள் பொறுமையோடு ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு எண்ணியமையாலேயே, 2012ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா அற்றது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெயரறியாத ஊழியர் பல்லாயிரவரின் குறிப்பேடுகள் ஈட்டிய வெற்றி அது. 1926இல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட களுத்துறையிலே, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தாதியரும் இன்றும் பயிற்சி பெறுகின்றனர். தொற்றுநோயியலை மேற்படிப்பாகப் பயிலும் வைத்தியரும் நம்மிடையே உளர்.

நிறைவுரை

2017இலே டெங்குக் காய்ச்சல் நாடெங்கும் 186,101 பேரைப் பற்றியபொழுது, நம் வகுப்பிலும் வரவுப் பதிவேட்டில் வெற்றிடங்கள் பெருகின. வராத பிள்ளைகளை லயம் லயமாகப் பிரித்து எழுதுமாறு மாணவரைப் பணித்தோம். பெரும்பாலார் கீழ் லயத்தவர் என்பதைச் சிறுமி ஒருத்தியே முதலிற் கண்டாள். மேல் லயத்திலும் அத்தனை குடும்பங்கள் உள. ஆனால் அங்குக் காய்ச்சல் அரிது. வேறுபாடு யாதென வினவியபொழுது, கீழ் லயத்தில் குழாய் நீர் ஒழுங்காக வராமையால் வீட்டுக்கு வீடு பீப்பாயில் நீர் சேர்த்து வைப்பதை அவளே சொன்னாள். பரிசோதகர் வந்து பார்த்தார். பீப்பாய்களில் குடம்பிகள் இருந்தன. பீப்பாய்களைத் தேய்த்துக் கழுவி மூடியிட்டனர். பெங்களூரிலே தொட்டியைக் கவிழ்த்த இளைஞரை அன்று நாம் நினைத்துக்கொண்டோம். குழாயில் நீர் ஒழுங்காக வருவதற்கோ இன்னும் நெடுங்காலம் சென்றது. காரணத்தைக் காண்பது ஒன்று. அதனைக் களைவது மற்றொன்று. இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

தோட்டத்துப் பெரட்டுக் களத்திலே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்டே வந்துள்ளனர். அது வேலைக்காக எண்ணிய எண். அவர்தம் உயிரையும் நலத்தையும் காக்கும் பொருட்டு எண்ணும் எண் வேறு. அதனை எண்ணுதற்கு அம்மக்களின் பிள்ளைகளே பயின்று வருதல் வேண்டும். இக்கல்லூரியில் பயிலும் இளைஞருள் வைத்தியராகவும் பரிசோதகராகவும் கணக்காய்வோராகவும் வரக் கருதுவோர், றொஸின் வரலாற்றை ஒருமுறையேனும் ஓதுவாராக. மனம் பற்றாது தொடங்கிய தொழிலிலே, முப்பது வயதுக்கு மேல் மீண்டும் கற்று, நாற்பதாம் வயதில் உண்மையைக் கண்டு, அதன் பின்னும் ஓயாது எண்ணிய அப்பெரியாரின் நெறி, மேதையருக்கு மட்டும் உரியதன்று. பயில்வார் யாவர்க்கும் அது வாய்க்கும். கல்லூரித் தாய் நீடு வாழ்க! அவள்தன் மக்கள் எண்ணறிந்து வாழ்க!